மிகைப்பட்ட மங்கை!

விருந்து நடக்கிறது. ஆணும் பெண்ணும் இணை இணையாக அமர இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். கணவனில்லாத ஒருத்தி வந்துவிடுகிறாள். உடனே கணக்கு உதைக்கிறது! அமெரிக்கச் சீமான் வீடுகளில் அவளுக்கு வழங்கிய பெயர், ‘மிகைப்பட்ட பெண்’. விருந்துண்ண வந்தவள் விருந்துக்கே விக்கலாகிவிட்டாளாம்!

அந்த இழிபெயரைத் தம் ஏட்டின் துணைத் தலைப்பிலேயே துணிந்து பொறித்தவர் மார்ஜரி ஹில்லிஸ். ‘வோக்’ என்னும் ஆடையலங்கார இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தவர். புரூக்ளினில் புகழ்பெற்ற பாதிரியார் ஒருவரின் மகள். ‘தனித்து வாழ், அதை விரும்பி வாழ்’ எனப் பொருள்படும் அந்நூல் 1936இல் வெளிவந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுதியாக விற்ற ஏடுகளில் அதுவும் ஒன்று.

என்ன சொல்கிறார் அம்மையார்? உறவினர் வீட்டு மூலையில் ஒண்டிக்கிடக்கும் அத்தையாக இராதே என்கிறார். சிறு வீடானாலும் உனக்கென ஒன்று வேண்டும். அதைச் செம்மையாக வைத்துக்கொள். ஒருத்திதானே உண்கிறோம் என்று நின்றபடியே விழுங்காதே. படுக்கையில் அமர்ந்து காலையுணவு கொள்ளும் இன்பத்தைக் கூசாமல் நுகர். பிறர் இரக்கத்தை எதிர்பார்த்து ஏங்காதே! அற்பமான அறிவுரைகள் என்று நகைப்போர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். மணநாள் வரும்வரை பெண்ணின் வாழ்வு புகைவண்டி நிலையத்துக் காத்திருப்பு அறை என்று எண்ணிய உலகில், வண்டி வராவிட்டாலும் வாழலாம் என்று சொல்வது சிறு துணிவா?

காதலுறவு கொள்வதா வேண்டாவா என்பதற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பாதிரியாரின் மகள் நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை! பின்விளைவுகளை எடுத்துக்காட்டி எச்சரிக்கிறார். முடிவை மட்டும் அவளிடமே விட்டுவிடுகிறார். ஏட்டின் சிறந்த பகுதி இதுவே என்பேன்.

ஆனால் ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு ஓரிடத்தில் தொண்டை அடைக்கிறது. அந்நாளில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் மணமான பெண்ணுக்கு ஆசிரியப் பணி கிடையாது. பணியிலிருப்பவள் மணம் செய்துகொண்டால் வெளியேற வேண்டும். 1932ஆம் ஆண்டுச் சிக்கனச் சட்டமோ, கணவனும் மனைவியும் மத்திய அரசின் ஊழியர்களாக இருந்தால், ஆட்குறைப்பின்போது அவர்களைத்தான் முதலில் நீக்க வேண்டும் என்றது. வேலையிழந்தோரில் பெரும்பாலோர் மனைவியரே! 1937இல்தான் அவ்விதி நீக்கப்பட்டது. மணந்தால் வேலை போகும். மணக்காவிட்டால் ‘மிகை’ என்ற ஏளனம் வரும். இந்த இருபுறக் கிடுக்கியைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி ஹில்லிஸ் பேசவில்லை. படுக்கையில் காலையுணவு சரி, அந்தத் தட்டை ஏந்திவரும் பணிப்பெண் யார்? அவளுக்கு யார் ஏடெழுதினார்கள்?

1929இல் இங்கிலாந்தின் வர்ஜீனியா உல்ஃப், எழுதும் பெண்ணுக்குத் தனி அறை வேண்டும், ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் வேண்டும் என்றார். ஹில்லிஸ் அறைக்குத் திரைச்சீலை தைக்கக் கற்றுத்தந்தார். அடுத்த ஆண்டே, 1937இல், குறைந்த பணத்தில் நிறைந்து வாழ்வது பற்றித் தனி நூலும் எழுதினார். ஆயினும் அப்பணத்தைக் கொடுக்க மறுப்போரிடம் வழக்காடவில்லை.

1939இல் அவரே தாமஸ் ரவுல்ஸ்டன் என்ற வணிகரை மணந்தார். ‘தனித்து வாழ்’ என்றவள் தாலிக்குத் தலைகுனிந்தாளா என்று நம் ஊரில் கேட்பார்களே, அவ்வகைக் கேலி எனக்கு ஒப்பாது. தனித்து வாழத் தெரிந்தவள் விரும்பி மணந்தால் அது தோல்வியன்று. மணக்காதே என்று அவர் எங்கே எழுதினார்? 

1949இல் கணவர் மறைந்தார். 1951இல், மீண்டும் தொடங்கலாம் என்று சொல்லும் தலைப்போடு மற்றொரு ஏடு தந்தார். கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் வழிகாட்டி என்பது துணைத் தலைப்பு. ‘மிகைப்பட்ட’ என்ற சொல்லை இம்முறை அவர் அங்கே பொறிக்கவில்லை.