பெயர் போடாத படங்கள்

மலையக இலக்கியத்தில் போர் இல்லை, அது கொழுந்தையும் கூலியையும் எழுதிய இலக்கியம் என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு சொல்கிறார்கள். போரை வடக்கு கிழக்குக்கு எழுதிக்கொடுத்துவிடும் இந்தப் பாகப்பிரிவினை தவறு. மலையகத்து நோர்வூட்டின் தோட்ட லயங்களுக்கு அது அநியாயமும்கூட.

மலையகத்துக்கும் போருக்குமான பழைய கதை சுருக்கம்தான். தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை 1915இல் கலிப்போலி வரை போனது. அதில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். இரண்டாம் உலகப் போர்க்காலம் நமக்கு முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தனின் காலம். 1940 ஜனவரியில் பொலிஸ் சூட்டில் விழுந்தவர் அவர். எழுத்தாளர்கள் சி.வி. வேலுப்பிள்ளைக்கும் என்.எஸ்.எம். ராமையாவுக்கும் துரையும் கங்காணியும் பறிபோன பிரஜாவுரிமையுமே போதுமான பகையாக இருந்தன.

மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவரை மலேசியத் தமிழர் பெருமையோடு எழுத முடிகிறது. அ. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ அப்படி வந்தது. அதுவும் தோற்ற படைதான். ஆனால் தோற்றபின் அதற்கு மரியாதை கிடைத்தது.

நம் பிள்ளைகள் போன புலிகளின் படைக்கு அது கிடைக்கவில்லை. 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு இறங்கிய தோட்டக் குடும்பங்களை டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாப் பண்ணைகளில் குடியேற்றியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களில் வளர்ந்தவர்களில் சிலர் பின்னர் ஆயுதம் ஏந்தினார்கள். விரும்பிப் போனவனும் உண்டு, வீட்டுக்கொருவர் என்று இழுத்துப்போகப்பட்டவளும் உண்டு. அவர்களுடைய சித்தியும் மாமனும் இங்கே மலையில்தான் இருந்தார்கள்.

நோர்வூட் பக்கத்து லயமொன்றில், இஸ்தோப்பைத் தாண்டிய காம்பராவில், சாமிப் படங்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் ஒரு பையனின் படம். பெயரோ தேதியோ இல்லை. ‘யாரும் கேட்டா வெளிநாட்டுல இருக்கான்னுதான் தம்பி சொல்லுவோம்’ என்றார் அவனுடைய பெரியம்மா. இரவுச் சோதனைகளுக்குப் பயந்து பழகிய வாய், 2009இல் போர் முடிந்த பின்னும் அதே பதிலைத்தான் சொல்கிறது.

தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ இந்தப் பயத்தை அறிந்த நாவல். கொழும்பில் வாழும் மலையகத்தான் சந்தேகத்தின் பேரில் பிடிபடுவதை வீட்டுக்குள்ளிருந்தே எழுதினார். போரில்லை என்பவர்கள் அதை எங்கே வைப்பார்கள்? சயந்தனின் ‘ஆதிரை’ (2015) மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களைப் போரின் நடுவில் வைத்துப் பார்த்த பெரிய முயற்சி. அதன் நிலம் வன்னி. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ போன்ற போராளி நினைவுக்குறிப்புகளில் களமும் இயக்கமும் நிறைய உண்டு. போனவன் திரும்பாத வீட்டில், விடிந்ததும் கூடையோடு பிரட்டுக்குப் போன பெண்கள் அவற்றில் இல்லை.

இனி எழுதவேண்டியது அவர்களுடைய பக்கத்தை. போனவனை மாவீரனாக்கியும் வேண்டாம், வழிதவறியவனாக்கியும் வேண்டாம். அந்தப் பெரியம்மாக்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. பெயர் மறைத்தாவது அவர்கள் சொல்வதை இந்த வருடமே பதிவுசெய்ய வேண்டும்.