பசியை யாரிடம் கேட்பது?

புதுவை நகரின் தெற்கே, உப்பங்கழியும் அலையாத்திக் காடும் சூழ்ந்த பகுதி தேங்காய்த்திட்டு. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் விதிக்கப்படும் தடைக்காலம் இது. மீன்வளத்தைக் காக்க இத்தடை தேவைதான். ஆனால் மே மாதக் கோடை விடுமுறையும் இந்த நாட்களுக்குள்ளேயே வருகிறது. வீட்டில் வருமானம் குறையும் வேளையிலேயே பள்ளியில் கிடைத்த மதியச் சோறும் நின்றுவிடுகிறது. தடைக்கால நிவாரணம் உண்டு. அது குடும்பத்திற்கு ஒரு தொகையாகச் சேருகிறது. அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தட்டில் என்ன விழுந்தது என்பதை அத்தொகை சொல்லாது.

பிள்ளைகளின் பசியைத் தீர்க்க நாம் வகுத்த திட்டமும், பசியை அளக்க நாம் ஏற்ற அளவுகோலும் வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை குறையுடையன. அவற்றை இங்கே ஆராய்வோம்.

பள்ளித் தட்டு

பள்ளி உணவில் நமக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. சென்னை மாநகராட்சி 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதைத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையில் 1930-ல் வந்தது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-ல் வந்த சத்துணவும் நாம் அறிந்தவையே. 2001-ல் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது.

எனினும் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பள்ளி உணவு உரிமையை எட்டாம் வகுப்பு அல்லது 14 வயதோடு நிறுத்திவிட்டது. புதுவையும் தமிழ்நாடும் அதற்கு மேலும் தம் செலவில் உணவளிப்பது பாராட்டுக்குரியது. ஆயினும் அது அரசின் விருப்பமே. மாணவரின் சட்ட உரிமை அன்று.

உடலியல் என்ன சொல்கிறது? 2020-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி தேவை. 13 முதல் 15 வயதில் பெண்ணுக்கு 2,400, ஆணுக்கு 2,860 கலோரி தேவை. 16 வயதுக்கு மேல் ஆணின் தேவை 3,320 ஆக உயர்கிறது. தேவை உச்சத்தை அடையும் வயதில் சட்டம் கையை எடுத்துவிடுகிறது!

தட்டில் விழுவதையும் பார்ப்போம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வரையறுக்கப்பட்ட அளவு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் ஆகும். தானியம் 150 கிராம். 150 கிராம் தீட்டிய அரிசியே 500 கலோரிக்கு மேல் தந்துவிடும். வயிறு நிறையும். ஆனால் அந்த அரிசியில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். மாதவிலக்கு தொடங்கிய, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. இதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், சோற்றுத் தட்டுக்கு இதில் பெரும் பங்குண்டு.

வீட்டுத் தட்டு

புதுவையில் 2015-ல் ரேஷன் தானியத்திற்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது; 2024-ல் ரேஷன் கடைகளில் மீண்டும் அரிசி வழங்கப்பட்டது. அரிசியா, பணமா என்பது நல்ல விவாதமே. ஆனால் இரண்டும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே யார் முதலில் உண்கிறார், யார் மிச்சத்தை உண்கிறார் என்பது வேறு கேள்வி.

அளவுகோலின் குறை

உலக உணவு, வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகளால் உணவுப் பற்றாக்குறையை அளக்கிறது. உணவு போதாது என்று கவலைப்பட்டீர்களா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, பசித்தும் உண்ணாதிருந்தீர்களா, நாள் முழுவதும் பட்டினி கிடந்தீர்களா என்ற முறையில் அவை அமைந்துள்ளன. எளிய, நாடுகளை ஒப்பிட உதவும் நல்ல கருவி இது. ஆனால் 15 வயது நிரம்பியவர்களிடமே இவை கேட்கப்படுகின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காகப் பெரியவரே விடை சொல்ல வேண்டியுள்ளது. பெற்றோர் விடையும் பிள்ளை விடையும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை என்று அயல்நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்கு இடுகிறாள். அவள் வருந்துவாளே என்று பிள்ளை "பள்ளியிலேயே சாப்பிட்டேன்" என்கிறது. இருவரும் மறைத்த பசி கணக்கில் ஏறுவதே இல்லை.

"பசிக்கிறதா என்று மாணவரைக் கேட்பது அவர்களை நாணச் செய்யாதா?" என்று சிலர் வினவலாம். பெயர் எழுதாத தாளில், வகுப்பு முழுவதும் ஒருசேர விடையளித்தால் அக்குறை நீங்கும். அவ்விடைகளைக் கொண்டு எந்த மாதத்தில் பசி கூடுகிறது என்று ஒவ்வொரு பள்ளியும் அறியலாம்.

விடுமுறையில் உணவளிப்பதும் புதிதன்று. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என 2004-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வானம் பொய்த்தால் வறட்சி என்கிறோம். கடல் மூடப்பட்ட மாதம் மீனவர் வீட்டிற்கு வறட்சி அல்லாமல் வேறென்ன?