பத்திரத்துக்கு முப்பது ஆண்டு, சுவருக்கு அரை மணி

பட்டு நெசவு ஊரான ஆரணியில் பழைய வீடு வாங்கப் போகிறவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வீட்டில் தறிக்குழி எந்த இடத்தில் இருந்தது? பட்டு நெய்த வீடுகளில் குழித்தறி கூடத்திலேயே இருக்கும். நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையை மிதிப்பார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்த் தறியைக் கழற்றிவிட்டால் குழியில் மண்ணைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். திமிசு போட்டுக் கெட்டிக்காத மண் நாலைந்து மழைக்காலத்தில் உள்வாங்கும், தரை பிளக்கும். அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதன் ஈரம் யாருடையது என்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும். தறியின் மேல் பொருத்தும் ஜக்கார்டு பெட்டிக்கு இடம் வேண்டி மேலே எதையாவது வெட்டியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

இவற்றைப் பார்க்க நாம் யாரைக் கூப்பிடுகிறோம்? மாமனையோ, தெரிந்த மேஸ்திரியையோ. சுவரை நாலு தட்டுத் தட்டி, "கட்டடம் கெட்டியாத்தான் இருக்கு" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் பத்திரத்துக்கு அப்படி விடுவதில்லை. மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாக வாங்கி, முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டு, பட்டாவில் பெயரைச் சரிபார்த்து, வக்கீலிடம் கருத்து வாங்குகிறோம். காகிதத்துக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கு கூடச் செங்கல்லுக்கு இல்லை. வாழப்போவது செங்கல்லுக்குள்தான்.

இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், இதே காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சில இடங்களில் அவர்கள் நம்மை முந்தியிருக்கிறார்கள். அங்கே காணி வீடு கைமாறுவது நொத்தாரிசு (நோட்டரி) முன்னால். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய உறுதி (நம் ஊர்ப் பத்திரம்) செல்லாது. காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடிப் பார்ப்பது, உரித்தைச் சொல்வது, உறுதியை முடிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர் கையில். பிழை வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். நம் ஊரில் பத்திரம் ஒருவர் எழுத, வில்லங்கம் ஒருவர் பார்க்க, சார்பதிவாளர் பதிய, பொறுப்பு யாரிடமும் நிற்பதில்லை. எல்லையிலும் அவர்கள் கண்டிப்பு. உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்தை உறுதியோடு இணைப்பது அங்கே வழக்கம். பொதுக்கிணறு என்றால் கிணற்றில் எத்தனை பங்கு, போக வர எந்த வழி என்பதுவரை உறுதியிலேயே எழுதுவார்கள்.

ஆனால் பங்கை எழுதுகிறவர்கள் அந்தக் கிணற்றின் தண்ணீரைச் சோதிப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் ஒரு மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. உறுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீரின் கேடு அதில் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் வீடு வாங்குவதோ அற்றோணித் தத்துவம் (பவர் பத்திரம்) வழியாக. சொந்தக்காரர் கைபேசியில் காட்டும் படத்தை நம்பித்தான் பணம் போகிறது. உள்ளூராட்சி மன்றம் தரும் இணக்கச் சான்றிதழ் ஒன்று அங்கே உண்டு. அது கட்டடம் அனுமதித்த வரைபடப்படி எழுந்ததா என்று சொல்லும், கூரை ஒழுகுமா என்று சொல்லாது. தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு அந்த அளவுச் சான்றும் கட்டாயமில்லை.

சட்டத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவர் தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. "எனக்கே தெரியாது" என்று விற்பவர் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே தள்ளாடும். இலங்கையில் காணி விற்பனைக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்திலோ, மறைந்திருக்கும் குறைக்கு விற்பவர் அறியாமல் இருந்தாலும் பொறுப்பு உண்டு என்பது பழைய கொள்கை. வாங்குபவருக்கு இது நியாயமாகப் படுகிறது. புதுக் கட்டடத்தில் மட்டும் இந்தியா முந்துகிறது. புதுக் கட்டடத்திலும் ஆபத்து உண்டு: 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2016இல் வந்த மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து சொன்னால் கட்டியவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆரணியின் பழைய தறிவீட்டுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

வங்கிக் கடன் வாங்கினால் மதிப்பீட்டாளர் வருவாரே என்பார்கள். அவர் வங்கிக்காக வருகிறார். வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பது அவர் கேள்வி, கழிவறைச் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்பது அவர் வேலையில்லை. அமெரிக்காவில் வாங்குபவரே தம் செலவில் கட்டடப் பரிசோதகரை அமர்த்துவது வாடிக்கையாகிவிட்டது. பரிசோதகர்களின் சங்கம் அங்கே 1976இலேயே தொடங்கியது. நம் பக்கம் சென்னை, பெங்களூருவில் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் வந்துவிட்டன. ஆரணி போன்ற ஊர்களுக்கு அது இன்னும் பழக்கமாகவில்லை.

செலவைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,60,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. தரகருக்குத் தனி. ஒரு பொறியாளர் அரைநாள் வந்து பார்க்கக் கேட்பது இதன் பக்கத்தில் வைக்கும் தொகையே இல்லை. பட்டு அசல்தானா என்று காட்ட மத்தியப் பட்டு வாரியம் 2004 முதல் சில்க் மார்க் முத்திரை தருகிறது, சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதிக்கிறோம். சேலைக்குத் தந்த மரியாதையை வீட்டுக்கும் ஆரணி தரட்டும்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தரகருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு சிவில் பொறியாளரை நீங்களே தேடுங்கள். வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அப்போதுதான் அவர் வாய் திறப்பார். மூடிய தறிக்குழி, ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் வெடிப்பு, தளத்தில் கம்பி துருவேறிய பழுப்புக் கறை, கரையான், எர்த் வயர், கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒருமுறை வீட்டைப் போய்ப் பாருங்கள். விற்பவரும் முன்கூட்டியே பரிசோதித்து அறிக்கையைக் கையில் வைத்திருந்தால் விலையைக் குறைத்துப் பேச ஆள் இருக்காது. அட்வான்ஸ் தரும் ஒப்பந்தத்தில், அறிக்கையில் பெரிய குறை வந்தால் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி சேருங்கள்.

ஆரணிப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளான் போட்டுத் தரப்படும், எஸ்டிமேட் தரப்படும் என்று எழுதிய உங்கள் பலகையில் இன்னொன்றையும் எழுதுங்கள்: பழைய வீடு பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரப்படும்.