பிழை எண்ணலும் பொருள் மதித்தலும்: அமெரிக்க முரசணிப் போட்டிகள்

2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் முரசணி உலகப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. முதலிடம் பெற்ற ஃபேண்டம் ரெஜிமெண்ட் அணிக்கு 98.125 புள்ளி, அடுத்து வந்த புளூ டெவில்ஸ் அணிக்கு 98.100 புள்ளி. இடைவெளி நாற்பதில் ஒரு புள்ளி. நடுவர் பலர் இட்ட புள்ளிகளைச் சராசரி கண்டு வந்த பின்னம் அது. கோடை முழுவதும் ஊர் ஊராகச் சென்று, பள்ளிக்கூடத் தரைகளில் படுத்து, பகலெல்லாம் வெயிலில் பயின்ற இரண்டு அணி இளைஞரை இந்தச் சிறு பின்னம் பிரித்து வைத்தது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் கலையில் அளக்க இயலுமா என்று கேட்பவருக்கு விடை எளிதன்று. ஆனால், அளக்கும் கோல் எது என்பதைப் பொறுத்தே இக்கலை வளர்ந்தது, மாறியது, தன் பழைய இரசிகர் சிலரை இழக்கவும் செய்தது. ஆதலின் கோலைப் பற்றிப் பேசாமல் கலையைப் பற்றிப் பேச வழியில்லை.

டிரம் கோர் என்று அமெரிக்கர் வழங்கும் இம்முரசணியை, தேசிய தின அணிவகுப்பில் வரும் பாண்டு வாத்தியக் குழுவோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. பித்தளை ஊதுகருவிகளும் தோற்கருவி முதலிய தாளக் கருவிகளும் மட்டுமே இதற்குரியவை. கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவற்றிற்கு இங்கு இடமில்லை. இவற்றோடு கொடிகளையும் மரத் துப்பாக்கிகளையும் வாள்களையும் வானில் எறிந்து பிடிக்கும் கொடிப் பிரிவு ஒன்றுண்டு. அமெரிக்கக் காற்பந்துத் திடலில், ஏறத்தாழப் பதினொரு நிமிடம், தாளைப் பாராமல் இசைத்துக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்டோர் நடந்தும் ஓடியும் உருவங்களை வரைகின்றனர். தொடக்க ஆண்டுகளில் 128 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். பின்னர் அத்தொகை 150ஐயும் கடந்தது. வயது வரம்பு 21. அதைத் தாண்டியவர் எத்துணைத் திறமையுடையவராயினும் விலகிவிட வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஆதரித்து வளர்த்த பழக்கம் இது. படையின் பியூகிளும் முரசும், படையின் நடையும் ஒழுங்கும் அதன் தோற்றத்திலேயே அமைந்திருந்தன. போட்டி விதிகளையும் அச்சங்கங்களே வகுத்தன. தங்கள் கலைக்குத் தாங்களே விதி வகுக்க வேண்டுமென விரும்பிய அணித்தலைவர்கள் 1971இல் கூடி, டிரம் கோர் இண்டர்நேஷனல் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் முதற் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஊரில் நடைபெற, அனஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. விதியைத் தம் கைக்குக் கொண்டுவந்தவர்கள், பழைய அளவுகோலை மட்டும் மேலும் பன்னிரண்டு ஆண்டு விடாது வைத்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

அந்த அளவுகோல் பிழை எண்ணுவது. நடுவர்கள் கையில் தாளும் எழுதுகோலுமாகத் திடலுக்குள் இறங்கி, வாசிப்போர் வரிசைகளுக்கிடையே நடப்பார்கள். ஒருவன் அடி பிசகினால் ஒரு கோடு; முரசின் ஓர் அடி முந்தினால் ஒரு கோடு; ஊதுகொம்பில் ஒரு சுரம் உடைந்தால் ஒரு கோடு. கோடு ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு புள்ளி கழியும். படைப்பின் சிறப்புக்கெனப் புள்ளி கூட்டும் பகுதிகளும் இருந்தனவெனினும், அணிகள் நடுங்கியது இந்தக் கோடுகளுக்கே.

பள்ளிக்கூடம் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. சொல்வதெழுதுதல் தாளை ஆசிரியர் திருத்தும் முறையே இது. பிழை ஒன்றுக்கு இவ்வளவு என்று கழித்தால் எவரும் குறைகூற முடியாது. மாணவனே எண்ணிப் பார்த்துச் சரியென்று ஒப்புவான். ஆனால், அதே கோலைக் கட்டுரைத் தாளின்மேல் வைத்தால் நடப்பது வேறு. பிழைக்கு அஞ்சும் மாணவன் தனக்குத் தெரிந்த பத்துச் சொற்களை வைத்துக்கொண்டு ‘பசு நமக்குப் பால் தரும்’ என்ற அளவிலேயே நின்றுவிடுவான். துணிந்து நீண்ட வாக்கியம் எழுதியவன் இரண்டிடத்தில் சறுக்கி அவனுக்குக் கீழே நிற்பான். ஆண்டுக்கொரு முறை இதைக் கண்டும் முறையை மாற்றாத பள்ளிகள் உண்டு. முரசணியிலும் இதுவே நேர்ந்தது. கடினமான பகுதியை எழுதிக் கோடு வாங்குவதினும், எளிதானதைத் துப்புரவாக வாசிப்பதே இலாபமெனப் பல அணிகள் கணக்கிட்டன. திடலின் நடுக்கோட்டை மையமாகக் கொண்டு வலமும் இடமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும் வடிவங்களே நிறைந்திருந்தன. அவை அழகில்லாதவை அல்ல. கோலத்தின் அழகு அவற்றிற்கு உண்டு. ஆனால், பாதியைக் கண்டவன் மீதியை ஊகித்துவிடலாம்.

1983 பருவத்தோடு இம்முறை கைவிடப்பட்டது. 1984 முதல், கழிப்பதை விட்டுக் கூட்டும் முறை வந்தது. இன்றைய நூறு புள்ளியில் பொதுப் பயனுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. என்ன எழுதப்பட்டது, எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்து நடுவர் எடைபோடுவர். அவர்கள் ஆட்டத்தைக் காணும்போதே தம் கருத்துகளைப் பேசிப் பதிவு செய்வர்; அணியின் பயிற்றுநர் அப்பதிவைப் பின்னர் கேட்டுத் திருத்திக்கொள்வர். புள்ளியிடுதல் கற்பித்தலோடு சேர்ந்திருப்பது இப்போட்டியின் மேலான குணம்.

புதுமுறையே புதுக்கலையைப் பிறப்பித்தது என்று முற்ற முடிந்த முடிபாகக் கூறுதல் பொருந்தாது. நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் அணி, ஜார்ஜ் சிங்காலி என்னும் வடிவமைப்பாளரின் கற்பனையில் நடுக்கோட்டு ஒப்புமையை உதறிவிட்டு, வளைந்தும் நெளிந்தும் உருகி ஓடும் வடிவங்களை மிகு வேகத்தில் வரைந்து 1983இலேயே, அதாவது பழைய கோலின் கீழேயே, முதலிடம் பெற்றது. கோடுகளுக்கு அஞ்சாதவன் கோடுகளையும் வென்றான் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். எனினும் அது ஓர் அணியின் துணிவு. 1984இல் அவ்வணி லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசையோடு மீண்டும் வென்றபோதும், 1985இல் மூன்றாம் முறை வென்றபோதும், பிற அணிகளும் அவ்வழியில் இறங்கிவிட்டிருந்தன. ஒருவனுடைய துணிவு பலருடைய வழக்கமாவதற்கு விதியின் அனுமதி வேண்டியிருந்தது.

இனி இரசிகன் பக்கத்தையும் கேட்க வேண்டும். நன்கறிந்த இரசிகன் முன்வரிசையை நாடான். உயரத்தில் அமர்ந்தால்தான் திடலின் வடிவங்கள் கண்ணுக்குப் புலப்படும். ஊதுகொம்புகளின் வாய்கள் ஒருசேர அவனை நோக்கித் திரும்பும் நொடியில், ஒலி செவியில் மட்டுமன்றி மார்பிலும் வந்து மோதும். அதற்காகவே நெடுந்தொலைவு பயணம் செய்து வருபவன் அவன். பழைய முறையில் அவனும் ஒரு நடுவனாக இருந்தான். மேலே எறிந்த துப்பாக்கி கைதவறித் தரையில் விழுந்தால் ஒரு கோடு போயிற்று என்று அவனுக்குத் தெரியும். புதிய முறையில் துப்பாக்கி விழுந்த அணி வெல்கிறது, விழாத அணி தோற்கிறது; ஏனென்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. தீர்ப்பைச் சரிபார்க்கும் உரிமை அவன் கையைவிட்டுப் போயிற்று. இக்குறையைக் கிழவர் முணுமுணுப்பு என்று தள்ளுவது முறையாகாது.

இப்பூசல் உச்சத்தைத் தொட்டது 1993இல், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில். ஸ்டார் ஆஃப் இண்டியானா 1985இல்தான் போட்டிக்கு வந்த அணி. 1991இல் முதலிடமும் பெற்றது. அவ்வணி 1993இல் எடுத்துக்கொண்டவை, சாமுவேல் பார்பர் ‘மெடியா’வுக்கென எழுதிய இசையும், பேலா பார்ட்டோக் 1936இல் நரம்புக் கருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்கும் செலஸ்டாவுக்குமாக எழுதிய இசையும். மெடியா, கணவன் செய்த துரோகத்துக்காகத் தான் பெற்ற மக்களையே கொன்ற கிரேக்கக் கதை மாந்தர். நரம்பில் நடுங்க வேண்டிய ஒலியைப் பித்தளையில் நடுங்கவைத்தது ஒரு துணிவு. அதனினும் பெரிய துணிவு, மௌனத்தைத் திடலுக்குக் கொண்டுவந்தது. மெல்லிய ஒலி, திடீரென்ற வெட்டு, மீண்டும் அமைதி. ஊதுவோர் நடப்பதோடு நில்லாமல் உடலை வளைத்து நடனமாகவும் ஆக்கினர். முழக்கம் கேட்க வந்த கூட்டத்தில் ஒரு பகுதியினர் இதைப் பொறுக்கவில்லை. அப்பருவத்தில் அவ்வணியை நோக்கிக் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டியோரும் உண்டு.

இறுதிச் சுற்றில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. வேறுபாடு பத்தில் ஒன்று. பழைய கோலில் அது சரியாக ஒரே ஒரு பிழைக்குரிய கழிவு. பிழை எண்ணுவதைக் கைவிட்டு ஒன்பது ஆண்டு கழிந்த பின்னும், இக்கலையின் மிகப் பெரிய கருத்துப் போர் ஒரு கோட்டின் அளவில் முடிந்தது!

வென்ற கேடட்ஸ் எளிய மெட்டை வாசித்து வென்றதாக நினைப்பது தவறு. அவர்கள் எடுத்த டேவிட் ஹோல்சிங்கரின் இசையும் முரண்தாளங்கள் நிறைந்தது, கேட்டவுடன் முணுமுணுக்கத்தக்கதன்று. வசந்தத்தில் அரசர் போருக்குப் புறப்படும் காலத்தைத் தலைப்பாகக் கொண்டது அது. போரும் முரசும் ஒன்றுக்கொன்று உறவு. ஆகவே, கடினமான இசையாயினும் முரசணி இரசிகனுக்கு அதில் கால் ஊன்ற இடமிருந்தது. ஸ்டார் அந்த இடத்தையும் எடுத்துவிட்டது. கூட்டம் வெறுத்தது கடினத்தையன்று. தனக்குப் பழகிய படைநடை மறைந்ததையே வெறுத்தது.

இரசிகன் கூற்றில் ஓர் உண்மை உண்டு. புரியாத செய்யுளைப் படிப்பவன் ஏட்டைத் திருப்பி மறுமுறை படிக்கலாம். திடலில் பதினொரு நிமிடம் போனால் போனதுதான். நடுவனோ கோடை முழுவதும் அவ்வணியைப் பன்முறை கண்டிருக்கக் கூடியவன். பலமுறை கண்டவனும் ஒருமுறை கண்டவனும் ஒரே பொருளைக் காண்பதில்லை. முதற் காட்சியிலேயே ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ளத் தருவது மேடைக் கலையின் கடமை. ஸ்டார் அதில் கருமித்தனம் காட்டியது. ஆயினும், படைப்பு என்ற முறையில் நோக்குமிடத்து அந்தப் பத்தில் ஒன்று இடம் மாறி விழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. கேடட்ஸ் தாம் கற்ற மொழியில் மிகச் சிறந்த கட்டுரை எழுதினர். ஸ்டார் அம்மொழிக்கு இல்லாத சில சொற்களைச் சேர்த்தது. இன்று திடலில் ஊதுவோர் தரையில் கிடந்து எழுவதையும், நடனம் ஆடுவதையும் காணும் இளைஞர், அவை ஒரு காலத்தில் கூச்சலுக்கு ஆளானவை என்பதை அறியார்.

ஸ்டார் அப்பருவத்தோடு போட்டியை விட்டே நீங்கிற்று. புள்ளிக்கு வெளியே மேடையை நாடி, ‘பிளாஸ்ட்’ என்னும் அரங்க நிகழ்ச்சியாக வளர்ந்து, 2001இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதையும் பெற்றது. தோற்றதனால் போயிற்று என்று சிலர் சொல்வது குறுகிய நோக்கு. அது தேடியது வேறு அவை.

புளூமிங்டனின் அந்தப் பின்னத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கலாம். ஃபேண்டம் ரெஜிமெண்ட் அவ்வாண்டு எடுத்தது ஸ்பார்ட்டகஸ் கதை. உரோமாபுரி அடிமைகளின் எழுச்சியை, கச்சதூரியனின் இசை கலந்து, நாடகமாகவே நடத்தினர். தலைவன் யாரென்ற கேள்விக்கு அணியினர் தாமே அவன் என்று உரக்கக் கூவும் கட்டத்தில் கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. ஒருமுறை கண்டவனுக்கும் விளங்கும் கதை அது. இரசிகனும் நடுவனும் ஒத்துப்போன அபூர்வ இரவு. நுட்பத்தில் புளூ டெவில்ஸ் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பொதுப் பயன் என்ற 40 புள்ளி அவையோரின் மூச்சையும் ஒருவாறு அளக்கிறது என்பதற்கு அப்போட்டி சான்று. ஆனால், கதையை வாய்விட்டுச் சொல்லிவிடும் எளிய வழியைப் பிற அணிகளும் பற்றிக்கொள்ளும் ஆபத்து அங்கேயே தொடங்கிற்று.

பின்வந்த மாற்றங்களை விரித்துரைக்கத் தேவையில்லை. 2000இல் பழைய ‘ஜி’ சுருதிப் பியூகிள் கட்டாயமன்று என்றாயிற்று. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னிசைக் கருவியும் நுழைந்தன. அதே 2009 முதல் இறுதிச் சுற்று இண்டியானாபொலிசின் கூரையிட்ட அரங்கிற்கு மாறியது. திறந்த வெளியில் கலைந்து செல்லும் ஒலி அங்கே சுவரில் மோதித் திரும்புவதால், வேகமான முரசடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புகின்றன. இரசிகர் இதைக் குறைகூறுவதில் நியாயமுண்டு. ஒலிபெருக்கியைப் பற்றிய குறை அவ்வளவு வலிமையுடையதன்று. மரிம்பாவின் மெல்லோசை உயர்ந்த இருக்கைக்கும் எட்டுகிறதென்றால் அதனால் நட்டமில்லை. ஆனால், 70 பேர் மூச்சடக்கி எழுப்ப வேண்டிய அடிநாதத்தை ஒரு விரல் அழுத்தி எழுப்பும்போது, எந்தப் பிள்ளையின் உழைப்புக்குப் புள்ளி இடுகிறார் நடுவர்? இக்கேள்விக்கு விதிநூலில் தெளிந்த விடை காணவில்லை.

2016இல் ஒஹாயோவின் புளூகோட்ஸ் அணி, இறகுத் தொப்பியையும் படை உடையையும் களைந்துவிட்டு, வெறுந்தலையும் வெள்ளுடையுமாக இறங்கித் தன் முதல் உலக வெற்றியைப் பெற்றது. அடுத்த பருவங்களில் பல அணிகளின் தொப்பிகளும் பெட்டிக்குள் சென்றன.