டீஃபால்ட்டுக்கு என்ன அவசரம்?

ஹாஸ்கலில் டேட்டாபேஸ் இணைப்புக்கான கட்டளைவரி பார்ஸரை ஒருமுறை எழுதி எல்லா நிரலிலும் பயன்படுத்தலாம். ‘ஆப்ட்பார்ஸ்-அப்ளிகேட்டிவ்’ இதுக்கு ரொம்பத் தோது. ஹோஸ்ட், போர்ட், யூசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பார்ஸர். சேர்த்தால் பெரிய பார்ஸர். அதை இன்னொன்றுக்குள் அப்படியே சொருகலாம்.

என் புகார் டீஃபால்ட் பற்றியது. பலரும் எழுதுகிற பார்ஸர், ஹோஸ்ட் தராவிட்டால் அங்கேயே 127.0.0.1 என்று நிரப்பிவிடும். ‘போஸ்ட்கிரஸ்கியூஎல்-சிம்பிள்’ தரும் டீஃபால்ட்டும் அதேதான், போர்ட் 5432. பார்க்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் ‘பிஜிஹோஸ்ட்’ சூழல் மாறியில் வேறு சர்வர் இருந்தால்? இணைப்புச் சரத்தில் ஹோஸ்ட் வந்துவிட்டால், போஸ்ட்கிரஸின் ‘லிப்பீக்யூ’ நூலகம் சூழல் மாறியைச் சட்டை செய்யாது. டேபிளை அழிக்கிற கட்டளை தப்பான டேட்டாபேஸில் சத்தமில்லாமல் ஓடிவிடலாம்.

பார்ஸர் ‘மேபி’ தரட்டும்: பயனர் சொன்னாரா இல்லையா, அவ்வளவுதான். சொல்லாததைச் சரத்தில் சேர்க்காமல் விட்டால் மிச்சத்தை லிப்பீக்யூ பார்த்துக்கொள்ளும்: முதலில் சூழல் மாறி, பிறகே டீஃபால்ட். நமக்குக் கூடுதலாக நாலைந்து வரி.

ஒரே நிரலில் இரண்டு டேட்டாபேஸ் வேண்டுமா? ஆப்ஷன் பெயருக்கான முன்னொட்டையும் பார்ஸரே வாங்கிக்கொள்ளட்டும். கடவுச்சொல்லுக்கு மட்டும் ஆப்ஷனே வைக்காதீங்க. அதே கணினியில் யாராவது ‘பிஎஸ்’ போட்டால் தெரிந்துவிடும்.