கோடையும் நூல்கண்டும்

பருத்தி எடுப்பு ஓய்ந்து, கரிசல் பூமி பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் சித்திரை மாதத்தில், எப்போதும்வென்றானில் காலை பஸ் ஏறி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் பூத்தையல் நூல் வாங்கச் செல்வதைக் காட்டிலும் ரம்மியமான பிரயாணத்தை நான் அறியேன். கடைக்காரர் ஆங்கர் நூல்கண்டுகளைப் பரப்புகையில் பச்சை ஒன்றிலேயே எத்தனை பேதங்கள்! எட்டு மீட்டர் நீளமுள்ள கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்க, காம்புக்கு ஒன்றும், இதழை நிரப்ப இரண்டும், சங்கிலித் தையலுக்கு மூன்றுமாகப் பிரித்துக்கொள்ளும் சுதந்திரமே அதன் விசேஷம். நம் கருங்கண்ணிப் பருத்தியோ குட்டை இழை; இந்தப் பளபளப்புக்கு நீண்ட இழை வேண்டும். ஆயினும் ஊசிவேலை இச்சீமைக்கு அந்நியமன்று. 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா அம்மையார், அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்து, அதை ஜீவனோபாயமாகவே ஆக்கித் தந்தார் என்பதை நினைக்குந்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

நிறத்தை வாசல் வெயிலில் பார்த்தே தேர்வது உத்தமம். கடைவிளக்கில் நீலம் மாறித் தோன்றும். பிறகு கடலைமிட்டாய், வழியில் நுங்கு. ஊசியில் மட்டும் சிக்கனம் பாராமல், காது நீண்டதாகவே கேட்டு வாங்குவேன். மூன்றிழையும் சிக்காமல் நுழையும்.