கண்ணீர் யாருடைய உடைமை? ஜாக்கி கூப்பரை முன்வைத்து

குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டே கதைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சின்ன வயதில் புகழ், பிறகு குடி, கடன், வீழ்ச்சி என்பது ஒன்று. அதையெல்லாம் தாண்டி 'ஜெயித்துக் காட்டிய' கதை மற்றது. அமெரிக்க நடிகர் ஜாக்கி கூப்பரை (1922–2011) இந்த இரண்டாவது கதைக்குள் போட்டு மூடிவிடுவது ரொம்ப சுலபம். ஒன்பது வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை. நாற்பதைத் தாண்டியதும் ஒரு பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தில் துணைத் தலைவர். ஐம்பதுக்குமேல் இயக்கத்துக்காக இரண்டு எம்மி விருதுகள். பார்த்தீர்களா, எப்படி மேலே வந்துவிட்டார் என்று முடித்துவிடலாம். எனக்கு இதில் சம்மதமில்லை. (சாப்ளினின் 'தி கிட்' படத்துப் பையன் ஜாக்கி கூகன் வேறு ஆள். இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.)

1931இல் வந்த 'ஸ்கிப்பி'யிலிருந்து தொடங்கவேண்டும். இயக்குநர் நார்மன் டாரோக், கூப்பருடைய தாயின் சகோதரியை மணந்தவர். நம் முறையில் சித்தப்பாவோ பெரியப்பாவோ. பையன் அழவேண்டிய காட்சி. அழுகை வரவில்லை. அழுடா என்றால் அழவேண்டியதுதானே! தளத்தில் பையனுடைய நாய் இருந்தது. அதைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டல். காவலாளி நாயை மறைவுக்கு இழுத்துப் போகிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. பையன் கதறுகிறான், காமிரா ஓடுகிறது. நாய் சாகவில்லை, சும்மா ஒரு ஏமாற்றுதான். அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கார் டாரோக்குக்குக் கிடைத்தது. பரிந்துரை மட்டும் பெற்ற பையன் விழா நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த நடிகை மேரி டிரஸ்லர்மேல் சாய்ந்து தூங்கிவிட்டான்.

இங்கே பணக் கணக்கையும் பார்க்கவேண்டும். ஹால் ராச் கம்பெனியில் கூப்பருக்கு வாரச் சம்பளம் 50 டாலர். 'ஸ்கிப்பி'க்காகப் பையனை இரவல் வாங்க பாரமவுண்ட் ராச்சுக்குக் கொடுத்தது 25,000 டாலர். பையன் கைக்கு வந்தது பழைய 50தான். உபரி என்றால் என்னவென்று விளக்க இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கூலி உழைப்புக்கு, சரி. அந்தக் கதறல் எந்தக் கணக்கில் வரும்? நடிப்பு என்ற திறனை விற்க ஒப்பந்தம் உண்டு. பயத்தை விற்க யாரும் ஒப்பந்தம் போடவில்லை, அது பிடுங்கப்பட்டது. படத்தின் கதையிலும் ஏழைப் பையன் ஒருவனின் நாய் நாய்பிடிப்பவனிடம் மாட்டிக்கொள்கிறது, மீட்கப் பணமில்லாமல் செத்துப்போகிறது. பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த பார்வையாளர்கள் அதற்காக அழுதார்கள். கதைக்குள்ளும் வெளியிலும் நாய் பெரியவர்கள் கையில். அதே ஆண்டு எம்.ஜி.எம். எடுத்த 'தி சாம்ப்' படத்திலும் அவன் கண்ணீர்தான் விலைபோனது.

கூகன் தன் சம்பாத்தியத்துக்காகத் தாயின்மீதும் மாற்றாந்தந்தையின்மீதும் வழக்குப் போட்டதன் பிறகு, 1939இல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பார்த்தது பணத்தை.

ஐம்பதுகளில் ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்தபோது, நடிகன் தயாரிப்பிலும் இயக்கத்திலும் கை வைக்கக்கூடிய இடமாகத் தொலைக்காட்சி வந்தது. 'தி பீப்பிள்ஸ் சாய்ஸ்' (1955–58) தொடரில் கூப்பர் கதாநாயகன். பல அத்தியாயங்களை அவரே இயக்கினார். அதில் கிளியோ என்று ஒரு நாய். அது மனசுக்குள் நினைப்பதெல்லாம் பார்வையாளர்களுக்குக் குரலாகக் கேட்கும். குறியீடு என்று நான் சொல்லவரவில்லை, மலிவான சிரிப்பு உத்திதான். ஆனாலும் அந்தத் தொடரில் நாய்க்குப் பேச்சு இருக்கிறது. அடுத்து வந்த 'ஹென்னஸி'யில் (1959–62) நடிப்போடு தயாரிப்பிலும் பங்கு. 1964 முதல் 1969 வரை ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிறுவனத்தில் துணைத் தலைவர். தொடர்களை உருவாக்கி ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு விற்பது வேலை. எந்த முகத்தை எந்தப் பொட்டலத்தில் கட்டுவது என்று முடிவுசெய்யும் நாற்காலி அது. ஒருகாலத்தில் பொட்டலமாக இருந்தவர் அதில் உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி இயக்கம்: 'மாஷ்' தொடரின் ஒரு அத்தியாயத்துக்கு 1974இல் எம்மி, 'தி ஒயிட் ஷேடோ'வுக்கு 1979இல் இன்னொன்று.

விருதுகளைவிட என்னை நிறுத்துவது 1978இல் அவர் இயக்கிய தொலைக்காட்சிப்படம் 'ரெயின்போ'. எம்.ஜி.எம்.மில் வளர்ந்த ஜூடி கார்லண்டின் இளமைக்கதை. கார்லண்டைச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவர் கூப்பர். நாயகியாக நடித்த ஆண்ட்ரியா மெக்கார்டிலும் பதின்வயதுப் பெண், பிராட்வேயில் 'ஆனி'யாகப் புகழ்பெற்றவள். உள்ளேயிருந்து பார்த்தவனின் சாட்சியம் என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் வடிவம் சும்மா இருக்காது. குழந்தை நட்சத்திரத்தின் துயரத்தையும் இடையிடையே விளம்பரம் போட்டு விற்கிறது அது. அன்று கொட்டகைக்காரன் விற்ற கண்ணீரை இன்று ஒளிபரப்பு நிறுவனம் விற்கிறது. காமிராவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் விடுதலை என்பவர்களுக்கு இந்தப் படம் ஒரு பிரச்சினை. ஆள் மாறுகிறான், உறவு அப்படியே நிற்கிறது.

கூப்பருக்கு இது தெரிந்திருந்தது என்றே படுகிறது. 1981இல் வந்த சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பு 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்'. இரண்டு எம்மி வாங்கிய, அறுபதை நெருங்கிய இயக்குநர், தன்னை அழவைத்த இயக்குநரிடம் கெஞ்சும் பையனின் குரலை அட்டையில் வைக்கிறார். தொழிலுக்குள் இப்படிப்பட்ட சம்பவங்கள் சிரிப்புக் கதைகளாகத்தான் சொல்லப்படும். 'விற்பனைக்காக வைத்த தலைப்புதானேய்யா' என்றார் ஒரு நண்பர். இருக்கட்டுமே. விற்பனைக்குப் போகாத எதுவும் அந்த வாழ்க்கையில் இல்லை. ஆனால் இந்தமுறை விற்கிறவர் அவர், சித்தப்பா இல்லை. 'ரெயின்போ'வை இந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்கிறேன், எம்மி சிலைகளுக்குப் பக்கத்தில் அல்ல.